பாரோவுக்குக் கல்லறை வெட்டியவர்களின் ஊர்

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் பாளம் இருக்கிறது. ஒன்றேகால் அடி உயரம் இருக்கும். எகிப்தில் இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் 40ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1240 வாக்கில், ஓர் எழுத்தர் அதன் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி நிரப்பியிருக்கிறார். வலது ஓரத்தில் ஆட்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அந்த ஆள் வேலைக்கு வராத தேதிகள் கறுப்பு மையில். தேதிக்கு மேலே, ஏன் வரவில்லை என்பது சிவப்பு மையில். மொத்தம் 40 பேர்; 280 நாட்களின் கணக்கு.

ஹுய்நெஃபருக்கு உடம்பு சரியில்லை, பிறகு கண்வலி. செபாவைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவர் தாயின் உடலைத் துணியில் சுற்றி அடக்கம் செய்யப் போயிருக்கிறார். ஒருவர் பீர் காய்ச்ச வீட்டில் இருந்துவிட்டார். ஒருவர் வீட்டில் பெண்ணுக்கு மாதவிலக்கு. பாஹெரிபெட்ஜெத் என்பவர் பல நாட்கள் வரவில்லை, ஆனால் அவருக்கு ஒன்றுமில்லை. நோயாளிகளுக்கு மருந்து தயாரித்துக்கொண்டிருந்தார். எழுத்தரின் மனைவிக்கும் அவர்தான் மருந்து தயாரித்திருக்கிறார்.

வருகைப் பதிவேடு எழுதும் வேலையில்தான் என் வாழ்நாளின் பெரும்பகுதி போனது. அதனால்தானோ என்னவோ, எகிப்தைப் பற்றி எவ்வளவோ படித்த பிறகும் மனதில் முதலில் வந்து நிற்பது இந்தக் கல்தான். காரணத்தைச் சிவப்பில் தனியே எழுதிய அந்தக் கையை எனக்குத் தெரியும். யார் வந்தார், யார் வரவில்லை என்பதோடு அது நிற்கவில்லை. ஏன் என்றும் கேட்டு, கேட்டதை எழுதியும் வைத்தது. எகிப்து என்றால் பிரமிடு, மம்மி, துட்டன்காமுனின் தங்க முகமூடி என்று தொடங்குகிறோம். நான் இந்த 40 பேரிடமிருந்து தொடங்கச் சொல்வேன். பழைய எகிப்திய மக்கள் எப்படி உண்டார்கள், எதற்கு அழுதார்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதை இவர்கள் அளவுக்கு வாய்திறந்து சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை.

இவர்கள் ஊரின் இன்றைய பெயர் டெய்ர் எல் மெதினா. நைலின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய பள்ளத்தில் இருக்கிறது. டெய்ர் என்றால் அரபியில் மடம். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அங்கே குடியேறிய கிறிஸ்தவத் துறவிகளால் வந்த பெயர். அங்கே வாழ்ந்தவர்கள் தம்மை ‘உண்மையின் இடத்துப் பணியாளர்கள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். மன்னர்களின் பள்ளத்தாக்கிலும் அரசியரின் பள்ளத்தாக்கிலும் மலையைக் குடைந்து கல்லறை வெட்டி, சுவருக்குச் சுதை பூசி, படம் வரைந்து, எழுத்துப் பொறித்து, வண்ணம் தீட்டியவர்கள் இவர்கள். கல்தச்சர், ஓவியர், சிற்பி, தச்சர், எழுத்தர் எல்லாரும் ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். ஊரைச் சுற்றிய மதிலின் செங்கற்களில் முதலாம் துட்மோஸின் முத்திரை இருக்கிறது. கி.மு. 1500ஐ ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஊர் நிலைத்தது. கீசாவின் பெரிய பிரமிடு இவர்கள் காலத்திலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழசு என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். எகிப்து என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் அவ்வளவு காலம் அடங்கிக் கிடக்கிறது.

ஊர் செழித்திருந்தபோது மதிலுக்குள் 68 வீடுகள். நடுவே ஒரு குறுகிய தெரு, இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசல் நிலையில் சிவப்பு நிறத்தில் குடியிருப்பவரின் பெயர். உள்ளே நுழைந்தால் முன்னறை. அதில் சுற்றிலும் சுவர் எழுப்பிய உயரமான செங்கல் மேடை ஒன்று இருக்கும். பிரசவத்துக்கும் குழந்தைக்கும் காவலான பேஸ் என்ற குள்ளத் தெய்வத்தை அதன் மேல் வரைந்திருப்பார்கள். அடுத்து ஒரு தூண் நிற்கும் பெரிய அறை. சுவரோரம் திண்ணை, முன்னோர் வழிபாட்டுக்கு மாடங்கள், கீழே நிலவறை. அதற்குப் பின்னால் ஒரு சிறிய அறை, கடைசியில் கூரை இல்லாத அடுப்படி, மொட்டை மாடிக்குப் படி. எல்லாம் சேர்த்துச் சராசரியாக 70 சதுர மீட்டர்.

தண்ணீர் மட்டும் இல்லை. கிணறு கிடையாது, வயல் கிடையாது, நதி தொலைவு. ஆற்றங்கரைச் சமவெளியிலிருந்து கழுதை மேல் தண்ணீர் வந்தாக வேண்டும். அதற்கென்று அரசு ஆள் போட்டிருந்தது. தண்ணீர் சுமப்பவர், விறகு வெட்டி, மீனவர், தோட்டக்காரர், குயவர், வண்ணார் என்று ஊருக்கு வெளியே ஒரு துணைப்படையே இந்த ஊருக்காக உழைத்தது. எந்த வண்ணாருக்கு எந்த வீடுகள் என்று பட்டியல் உண்டு. வெளுக்கப் போட்ட துணிகளைப் படமாக வரைந்து, பக்கத்தில் எண்ணிக்கையைப் புள்ளியிட்ட கல் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. கழுதை வாடகைத் தகராறுகளுக்கோ கணக்கே இல்லை. கழுதையை வாங்கிப் போனான், வாடகை தரவில்லை, கழுதை செத்துவிட்டது, யார் பொறுப்பு என்று ஊர் நீதிமன்றத்தில் வழக்கு மேல் வழக்கு. அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்களும் அதே ஊரின் மேஸ்திரிகளும் எழுத்தர்களும் வேலையாட்களும்தான்.

இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அந்த ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் அதிகம் இருந்ததும், எழுதுபொருள் காலடியில் கிடந்ததும். பாப்பிரஸ் என்ற நாணல் தாள் விலையுள்ள பொருள். மலையைக் குடையும்போது உதிரும் வழவழப்பான சுண்ணாம்புக்கல் சில்லுகளுக்கும் உடைந்த பானை ஓடுகளுக்கும் விலை கிடையாது. கடன், கடிதம், கவிதை, பள்ளிப் பாடம், வசை எல்லாவற்றையும் அவற்றில் எழுதிப் போட்டார்கள். ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 50 மீட்டர் ஆழமுள்ள ஒரு பெருங்குழி இருக்கிறது. தண்ணீருக்காகத் தோண்டி, நீர் காணாமல் கைவிட்டது என்று பலரும் கருதுகிறார்கள். பிறகு அது குப்பைக்குழி ஆனது. 1922 முதல் 1951 வரை பிரெஞ்சுத் தொல்லியல் நிறுவனத்துக்காக இங்கே அகழாய்வு நடத்திய பெர்னார் ப்ருயேர் தம் பணியின் கடைசிக் கட்டத்தில் அந்தக் குழியை வெறுமையாக்கினார். ஆயிரக்கணக்கில் எழுத்துச் சில்லுகள் மேலே வந்தன. யாரோஸ்லாவ் செர்னி என்ற செக் நாட்டு அறிஞர் இவற்றைப் படித்து வகைப்படுத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தார்.

வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஆட்கள் கப்பல் மாலுமிகளைப் போல வலப்பக்கம், இடப்பக்கம் என இரண்டு அணி. ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேஸ்திரி, அவருக்கு ஓர் உதவியாளர். இரண்டுக்கும் பொதுவாக எழுத்தர். சாதாரணக் காலத்தில் 40 முதல் 60 பேர். நான்காம் ராம்சேஸ் காலத்தில் 120 வரை உயர்ந்தது. எகிப்தியருக்கு வாரம் என்பது பத்து நாள். அந்த நாட்களில் ஊருக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே மலைக் கணவாயில் கட்டிய கல் குடிசைகளில் தங்கி வேலை செய்துவிட்டு, வார முடிவில் மலை இறங்கி வீட்டுக்கு வருவார்கள். திருவிழா விடுமுறைகள் தாராளம்.

கல்லறைக்குள் வெளிச்சம் புகாது. எண்ணெயோ கொழுப்போ ஊற்றிய அகல்கள்தான். பழந்துணியைத் திரித்த திரிகள் அரசுக் கிடங்கிலிருந்து வரும். காலையில் எத்தனை, மதியத்துக்கு மேல் எத்தனை எரிந்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உளிகள் செம்பில் செய்தவை. அவை அரசின் சொத்து. கொடுக்கும்போது எடை போட்டு, மழுங்கித் திரும்பி வரும்போது மறுபடி எடை போட்டார்கள், யாரும் செம்பைச் சுரண்டிவிடாதபடி. மலைக்குள்ளே பாரோ, அதாவது எகிப்து மன்னர், என்றென்றும் வாழ்வதற்கான வீடு தயாராகிறது. வாசலில் ஓர் எழுத்தர் திரி எண்ணிக்கொண்டிருக்கிறார். பழைய எகிப்து அரசு எப்படிப்பட்டது என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறெதையும் நான் படித்ததில்லை.

அப்படி இவர்கள் வெட்டிய கல்லறைகளில் ஒன்று இரண்டாம் ராம்சேஸுடையது. கி.மு. 1213இல் அவர் இறந்தபோது, உடலைப் பதப்படுத்தியவர்கள் மூக்குத் துளைகளில் மிளகை வைத்தார்கள். அந்த மிளகு விளைந்த மண் தென்னிந்திய மேற்கு மலைச்சாரல். எத்தனை கை மாறிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கல்லறையைக் குடைந்தவர்கள் அதன் மணத்தைக்கூட அறிந்திருக்க மாட்டார்கள்.

கூலி தானியமாக வந்தது. அப்போது நாணயம் இல்லை. சாதாரண வேலையாளுக்கு மாதம் நான்கு கர் எம்மர் கோதுமை, ஒன்றரை கர் பார்லி. கர் என்பது மூட்டை அளவு, ஏறத்தாழ 77 லிட்டர். எம்மர் என்பது நாம் சம்பா கோதுமை என்று வாங்குகிறோமே, அந்த இனம்தான். அதில் ரொட்டி, பார்லியில் பீர். மேஸ்திரிக்கு ஐந்தரையும் இரண்டும். இதற்கு மேல் மீன், காய்கறி, விறகு, பானை, அவ்வப்போது எண்ணெய், உப்பு, திருவிழா என்றால் மாட்டிறைச்சி. மாதத்தின் 28ஆம் நாளில் அடுத்த மாதத்துக்கானது வர வேண்டும். பொருள்களின் மதிப்பை டெபென் என்ற செம்பு எடையில் சொன்னார்கள். ஒரு டெபென் 91 கிராம். ஒரு கர் தானியம் இரண்டு டெபென், ஒரு ஜோடி செருப்பு கிட்டத்தட்ட அதே விலை, ஒரு கழுதை 25இலிருந்து 40 வரை. ஒரு மாதக் கூலி மொத்தம் 11 டெபென். குடும்பம் சாப்பிட்டு மிச்சம் பிடிக்கலாம். அதோடு இவர்கள் தங்கள் ஓய்வு நாட்களில் அக்கம்பக்கத்தாருக்குச் சவப்பெட்டி செய்து, வண்ணம் தீட்டி விற்றார்கள். அந்தக் காலத்துக்கு நல்ல பிழைப்புதான், தானியம் வரும் வரையில்.

தானியம் வராமல் போன கதை மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் நடந்தது. அவருடைய 29ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1157ஐ ஒட்டி. கடல்வழிப் படையெடுப்புகளை முறியடித்த மன்னர். மெதினெத் ஹாபுவில் தமக்குப் பெருங்கோயில் எழுப்பியவர். அந்த ஆண்டு மன்னரின் முடிசூட்டு விழாவை மறுபடி கொண்டாடும் பெருவிழாவுக்கு நாடு முழுவதும் ஏற்பாடு. ஊரின் எழுத்தர் அமென்நக்த், இபுயின் மகன். தலைமை அமைச்சர் டோ நியமித்த ஆள். சட்டம் தெரிந்தவர், கவிதை எழுதியவர். உலகின் மிகப் பழைய நிலவியல் வரைபடம் என்று சொல்லப்படும் வாடி ஹம்மாமத் சுரங்கப் படமும் இவர் கை வேலைதான் என்கிறார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கூலி 20 நாள் தாமதமானது. அமென்நக்த் நேரே ஹோரெம்ஹெப் கோயிலுக்குப் போய் 46 கர் கோதுமையைக் கொண்டுவந்து சமாளித்தார். சில மாதங்கள் கழித்து அதுவும் முடியவில்லை.

குளிர்காலத்தின் இரண்டாம் மாதம், 10ஆம் நாள். வேலையாட்கள் கருவிகளை வைத்துவிட்டு, கல்லறைப் பகுதியின் ஐந்து காவல் மதில்களையும் கடந்து வெளியேறினார்கள். “பசிக்கிறது. 18 நாள் போய்விட்டது” என்று சொல்லிக்கொண்டு மூன்றாம் துட்மோஸ் கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரிகள் வந்து மன்னர் பெயரால் ஆணையிட்டு வாக்குறுதி கொடுத்தும் நகரவில்லை. மறுநாளும் கிளம்பினார்கள். அதற்கடுத்து இரண்டாம் ராம்சேஸின் நினைவுக் கோயிலான ராம்சேயம் வரை போனார்கள். தானியக் கிடங்குகள் நிறைந்த இடம் அது. அங்கே அவர்கள் சொன்னது அப்படியே எழுதப்பட்டிருக்கிறது: “பசியாலும் தாகத்தாலும்தான் இங்கே வந்தோம். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. எங்கள் நல்ல எஜமானரான பாரோவுக்கு எழுதுங்கள். எங்கள் மேலதிகாரியான தலைமை அமைச்சருக்கு எழுதுங்கள். நாங்கள் பிழைக்க வழி செய்யச் சொல்லுங்கள்.” அன்றைக்குப் போன மாதத்துப் பாக்கி அளந்து கொடுக்கப்பட்டது.

அந்த மாதத்துக்குரியது இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில் காவல் தலைவர் மெந்துமோஸ் அவர்களிடம் சொன்னது எனக்கு மறக்க முடியாதது. “வீட்டுக்குப் போங்கள். சாமான்களை எடுங்கள், கதவைப் பூட்டுங்கள், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். நானே முன்னால் நடந்து சேத்தி மன்னரின் கோயிலுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.” இவர்களைத் தடுத்து நிறுத்தத்தான் அவருக்கு அந்தப் பதவி. அவர் தடுக்கவில்லை. அவரும் அந்த மலையடிவாரத்திலேயே வாழ்ந்தவர், அடுப்பு எரியாத வீடுகளைக் கண்ணால் பார்த்தவர்.

அடுத்த மாதத்திலும் தகராறு. இந்த முறை ஆட்கள் சொன்னது வேறு தொனி: “பசிக்காக மட்டும் நாங்கள் மதிலைத் தாண்டவில்லை. ஒரு பெரிய புகார் சொல்ல வேண்டியிருக்கிறது. பாரோவின் இந்த இடத்திலேயே தீங்கு நடக்கிறது.” அமைச்சர் டோ விழாவுக்காகத் தெற்கிலிருந்து தெய்வச் சிலைகளை எடுத்துக்கொண்டு வடக்கே போகும் வழியில் செய்தி மட்டும் அனுப்பினார். கிடங்கிலேயே ஒன்றும் இல்லாவிட்டாலும் கையில் அகப்பட்டதைத் தருகிறேன் என்றார். வந்தது பாதிக் கூலி. பிறகு ஒருநாள் தீப்ஸ் (இன்றைய லக்சர்) நகரத் தலைவர் அந்தப் பக்கம் போக, ஆட்கள் அவரைக் கூவி அழைத்தார்கள். பாரோவின் தானியம் வரும்வரை உயிர் வாழ வைத்துக்கொள்ளுங்கள் என்று 50 கர் கொடுத்தார். அதற்காக அவர் மேலேயே புகார் எழுந்தது, ராம்சேயம் கோயிலின் படையல் தானியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று.

எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் வேலைநிறுத்தங்களில் இதுவே மிகப் பழையது. இத்தாலியின் தூரின் நகரத்து எகிப்திய அருங்காட்சியகத்தில் அந்தப் பாப்பிரஸ் இருக்கிறது. எழுதியவர் அமென்நக்த் என்பது பலர் கருத்து. இதைப் படித்தால் பாரோ சாட்டையைச் சுழற்ற, அடிமைகள் கல் இழுத்தார்கள் என்ற பழைய சித்திரம் இங்கே நிற்காது. இவர்கள் தங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு, எந்த நாளில், யாரிடமிருந்து என்று அறிந்தவர்கள். எந்த வாசலில் உட்கார்ந்தால் யாருக்குச் சங்கடம் என்றும் அறிந்தவர்கள். யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொள்ளையிடவில்லை. அவர்களை யாரும் வெட்டிப்போடவும் இல்லை. எகிப்தியர் மாஅத் என்று வணங்கிய நீதிக்கு மன்னனே காவலன்; உழைத்தவனுக்குக் கூலி தராத அரசு அந்த நீதியிலிருந்து வழுவியது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. எனக்கு இது எந்தப் பிரமிடையும்விடப் பெரிது.

ஊர்ப் பெண்கள் பக்கம் வருகிறேன். இங்கே கிடைத்த ஒரு பெண்ணின் மம்மியில் கழுத்து, தோள், முதுகு என 30க்கும் மேற்பட்ட பச்சை குத்தல்கள் இருப்பது 2014இல் தெரியவந்தது. கையில் ஹாத்தோர் தெய்வத்தின் பசுக்கள், கழுத்தில் காக்கும் கண்கள். அவள் பெயர் தெரியாது. பெயரும் குரலும் தெரிந்த ஒருத்தி நௌனக்தே. சிறு பெண்ணாக இருந்தபோது கென்ஹிர்கோபெஷெஃப் என்ற வயது முதிர்ந்த எழுத்தருக்கு மனைவியானாள். அவர் புத்தகம் சேர்த்தவர். கையெழுத்து மிக மோசம். அவரிடமிருந்த ஒரு கனாநூல் இன்றும் இருக்கிறது. கனவில் சன்னல் வழியே வெளியே பார்த்தால் நல்லது, கூப்பிட்ட குரலைத் தெய்வம் கேட்கும். சூடான பீர் குடிப்பதாகக் கண்டால் கெட்டது, துன்பம் வரும். கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டால் கெட்டது, இன்னொரு மனைவி வருவாள்.

அவர் இறந்த பிறகு நௌனக்தே கயெம்நுன் என்ற வேலையாளை மணந்து எட்டுப் பிள்ளைகள் பெற்றாள். ஐந்தாம் ராம்சேஸின் மூன்றாம் ஆட்சியாண்டில் ஊர் நீதிமன்றத்தில் நின்று அவள் எழுதி வைத்த உயில் இது: “நான் பாரோவின் நாட்டில் சுதந்திரமான பெண். உங்கள் எட்டுப் பேரையும் நான் வளர்த்தேன். உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு வழக்கமாகச் செய்வதெல்லாம் செய்து, குடித்தனம் வைத்துக் கொடுத்தேன். இப்போது எனக்கு வயதாகிவிட்டது. பாருங்கள், அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை. யார் என் கையில் கை வைத்தார்களோ அவர்களுக்கு என் சொத்தைக் கொடுப்பேன். எனக்குக் கொடுக்காதவர்களுக்கு நான் கொடுக்க மாட்டேன்.” அப்படியே பெயர் சொல்லிச் சிலரை விலக்கினாள். முதல் கணவரின் பெயரையே இட்டிருந்த மகனுக்கு, மற்றவர்களுக்கு மேலாக ஒரு வெண்கலக் கிண்ணத்தைக் கொடுத்தாள். விலக்கப்பட்ட பிள்ளைகளும் தந்தையின் பங்கைப் பெறத் தடையில்லை. தாயின் சொத்து தாயுடையது. முதல் கணவர் வழியில் வந்ததும், தன் தகப்பனிடமிருந்து வந்ததும் அவள் கையிலேயே இருந்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளியின் மனைவி நீதிமன்றத்தில் நின்று தன் சொத்தைத் தன் விருப்பப்படி பிரித்திருக்கிறாள், ஊரார் அதைச் செல்லும் என்று ஏற்றிருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது ஊரை ஒரு சொர்க்கமாகக் காட்டிவிடக் கூடாது. பானெப் என்ற மேஸ்திரி மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமைச்சருக்கு ஐந்து வேலைக்காரர்களை லஞ்சமாகக் கொடுத்துப் பதவி பிடித்தான், இரண்டாம் சேத்தியின் கல்லறைப் பொருளைத் திருடினான், அடுத்தவன் மனைவியரிடம் நடந்துகொண்ட விதம், வளர்த்த தந்தையையே கொல்வேன் என்றது எனப் பட்டியல் நீளும். எழுதியவர் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டு ஏமாந்தவர் என்பதால் எல்லாவற்றையும் அப்படியே நம்ப முடியாது.

நோயைப் பற்றிய எழுத்துகளைத்தான் என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை. நாள் முழுவதும் சுண்ணாம்புத் தூசியிலும் அகல் வெளிச்சத்திலும் வேலை. பாய் என்ற ஓவியர் தன் மகன் ப்ரெஎம்ஹெபுக்கு ஒரு சில்லில் எழுதினார். அது பெர்லினில் இருக்கிறது. “என்னைக் கைவிட்டுவிடாதே. எனக்கு நன்றாக இல்லை. எனக்காக அழுவதை நிறுத்தாதே, நான் இருட்டில் இருக்கிறேன். என் ஆண்டவர் ஆமுன் எனக்கு முதுகைக் காட்டிவிட்டார். கண்ணுக்குக் கொஞ்சம் தேன் கொண்டுவா, காவி கொண்டுவா, அசல் கண்மை கொண்டுவா. சீக்கிரம். நான் உன் தகப்பன் இல்லையா? நான் நொந்து கிடக்கிறேன். என் பார்வையைத் தேடுகிறேன், அது போய்விட்டது.” கேட்டவை எல்லாம் அந்நாளைய கண் மருந்துகள். கண்ணை வைத்துப் பிழைத்த ஒரு மனிதன் அதை இழந்தபோது எழுதியது என்பதால் ஒவ்வொரு சொல்லும் தைக்கிறது.

துன்பம் வந்தால் அதைத் தம் குற்றமாகவும் பார்த்தார்கள். ஊருக்கு மேலே பிரமிடு வடிவில் இயற்கையாகவே நிற்கும் ஒரு மலைமுடி உண்டு. அதில் குடியிருப்பவள் மெரெத்செகெர், மௌனத்தை நேசிப்பவள் என்று பொருள்; நாக வடிவினள். நெஃபெராபு என்ற வேலையாள் அவளுக்கு நட்ட கல்லில், நன்மை தீமை அறியாத மூடனாக இருந்தேன், சிகரத்துக்குப் பிழை செய்தேன், அவள் என்னைத் தண்டித்தாள், பேறுகாலப் பெண்ணைப் போலச் செங்கல் மேல் உட்கார்ந்து காற்றைக் கூப்பிட்டேன், காற்று வரவில்லை என்று எழுதினான். பிறகு அவள் இரங்கி இனிய காற்றாக வந்தாளாம். பெருங்கோயில்களின் உள்ளறைக்குள் இவர்கள் நுழைய முடியாது. இவர்களுடைய தெய்வங்கள் இந்த மலைமுடியும், ஊரை ஆதரித்ததாக நம்பிய முதலாம் ஆமென்ஹோதெப் மன்னரும், அவர் தாய் அஹ்மோஸ் நெஃபெர்தாரியும். மன்னரின் சிலையை ஊர்வலமாகத் தூக்கி வரும்போது கேள்வி எழுதிய சில்லை முன்னே வைப்பார்கள். திருடியது இவன்தானா, இந்த வீடு யாருக்கு என்று கேள்வி. சிலை முன்னால் நகர்ந்தால் ஆம், பின்வாங்கினால் இல்லை.

பாரோவுக்கு வேலை செய்த கையால் தமக்கும் கல்லறை செய்துகொண்டார்கள், ஊரை ஒட்டிய சரிவிலேயே. 1886இல் திறக்கப்பட்ட சென்னெஜெமின் கல்லறைக்குள் இருபது பேர் வரை அடக்கமாகியிருந்தார்கள். மஞ்சள் பின்னணியில், சென்னெஜெமும் மனைவி ஐநெஃபெர்தியும் மறுமையின் வயலில் உழுது, கதிர் அறுக்கிறார்கள், தூய வெள்ளை உடையில். வாழ்நாளில் ஏர் பிடிக்காத கலைஞர். தண்ணீரே இல்லாத ஊர்க்காரர். அவர் விரும்பிய மறுமையில் நாலு பக்கமும் கால்வாய் ஓடுகிறது, பழமரங்கள் காய்த்துத் தொங்குகின்றன. 1906இல் இத்தாலியத் தொல்லியலாளர் ஸ்கியாபரெல்லி கண்டெடுத்த மேஸ்திரி காவின் கல்லறையில் ரொட்டி, கட்டில், மடித்து வைத்த உள்ளாடை, மனைவி மெரித்தின் சவுரி எல்லாம் அப்படியே இருந்தன. மெரித் எதிர்பாராமல் முன்னால் இறந்துபோனாள் போலும். கா தனக்கென்று செய்து வைத்திருந்த சவப்பெட்டியில் அவளைப் படுக்க வைத்திருக்கிறார். பெட்டி அவளுக்குப் பெரிதாக இருந்ததால் இடைவெளியில் துணிகளை நிரப்பியிருக்கிறார்கள்.

மூன்றாம் ராம்சேஸுக்குப் பின், அவருடைய 20ஆம் வம்சத்தின் கடைசியில் கூலித் தாமதம் வழக்கமாகிவிட்டது. தானிய விலை ஏறியது. மேற்குப் பாலைவனத்திலிருந்து வந்த லிபியர்கள் பற்றிய பயத்தில் வேலை நின்ற நாட்கள் பதிவாகியிருக்கின்றன. ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில் கல்லறைக் கொள்ளை விசாரணைகளில் இவ்வூர் வேலையாட்கள் எட்டுப் பேர் சிக்கினார்கள். கடைசி ராம்சேஸின் காலத்தில் ஊரையே விட்டுவிட்டு மெதினெத் ஹாபு கோயிலின் மதிலுக்குள் குடிபோனார்கள். அங்கே இருந்த எழுத்தர்கள் ஜெஹூத்திமோஸும் அவர் மகன் புத்தெஹாமுனும், வேலைநிறுத்தத்தை எழுதிய அமென்நக்த்தின் நேர் வழித்தோன்றல்கள். இவர்களுக்கு இப்போது வந்த உத்தரவு வேறு மாதிரி. படைத்தலைவர் பியான்க், முன்னோர் கல்லறை ஒன்றைத் திறந்து வைக்கும்படி போர்க்களத்திலிருந்து எழுதுகிறார். தென்புறப் போருக்குப் பொருள் வேண்டும். அரசே தன் பழைய மன்னர்களின் பொன்னை எடுக்கத் தொடங்கிவிட்டது. எந்தக் கல்லறை எங்கே என்று அறிந்தவர்கள் இவர்கள் மட்டுமே.

இதே புத்தெஹாமுன், இறந்துபோன மனைவி இக்தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார், அவள் சவப்பெட்டியை முன்னிலைப்படுத்தி. நான் சொல்வதைக் கேட்டு அவளிடம் சொல் என்று பெட்டியை வேண்டுகிறார். அவளுக்கு நிகர் இல்லை, அவளிடம் குறை ஒன்றும் கண்டதில்லை என்கிறார்.

மூன்றாம் ராம்சேஸின் உடலைச் சுற்றிய துணியில் ஒரு குறிப்பு உண்டு. பின்னால் வந்த ஒரு மன்னரின் 13ஆம் ஆட்சியாண்டில், தலைமைப் பூசாரி பினெஜெமின் ஆணைப்படி மன்னரின் உடலை மறுபடி முறைப்படி சுற்றியவர்களில் ஒருவர் உண்மையின் இடத்து எழுத்தர் புத்தெஹாமுன். அமென்நக்த் பசிக்கணக்கு எழுதியது இந்த மன்னரின் ஆட்சியில்தான். 1881இல் டெய்ர் எல் பஹ்ரி மலையிடுக்கில் அந்த உடல் வெளிப்பட்டபோது, அரசி அஹ்மோஸ் நெஃபெர்தாரியின் மாபெரும் சவப்பெட்டிக்குள் இருந்தது. ஊர்மக்கள் வீட்டு மாடங்களில் வைத்து வணங்கிய அதே அரசி.

தூரினில் இருக்கும் இவ்வூர்ப் பாப்பிரஸ்கள் பல ஆயிரம் துண்டுகளாக உடைந்து கிடக்கின்றன. தூரின் அருங்காட்சியகமும் பாசெல், லியேஜ் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அவற்றைப் பொருத்தும் வேலையைச் செய்துவருகின்றன. ஒரே தாளின் முன்பக்கம் கணக்கும் பின்பக்கம் கவிதையுமாக, எழுதியவரின் கையை அடையாளம் கண்டு இணைக்கிறார்கள். கெய்ரோவில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் சில்லுகளில் இன்னும் அச்சேறாதவை ஏராளம். அவற்றில் இன்னொரு வருகைப் பட்டியல் வெளிவந்தால், முதல் ஆளாக நான் படிக்கக் காத்திருக்கிறேன்.